பின்னால் நிற்பவர்

நடுவர்கள் மத்தியில் அவருக்கு 'ரசிகர்' என்று பெயர். பாராட்டி வைத்த பெயர் இல்லை. டிக்கெட் வாங்காமல், மைதானத்துக்கு உள்ளேயே நின்று, கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு கூடைப்பந்தை வாய்பிளந்து வேடிக்கை பார்க்கும் ஒரே ஆள் அவர்தான் என்று எவனோ ஒரு குறும்பன் சொல்ல, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. பந்து மேலே போனால் அவர் தலையும் மேலே போகும். பந்து கூடைக்குள் விழுந்தால் அவர் முகத்தில் ஒரு சின்ன சந்தோஷம்கூடத் தெரியும். அதற்குள் கீழே ஒருத்தி இன்னொருத்தியின் விலாவில் முழங்கையால் ஒரு இடி இடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல ஓடிப்போயிருப்பாள்.

இப்படிப்பட்டவரோடு ஜோடி நடுவராக அவள் ஆறு வருடமாக ஆட்டம் நடத்திக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லை. அவர் அவளுடைய அக்காவின் கணவர்.

வார நாள்களில் அவளுக்கு லிஃப்ட் பரிசோதிக்கும் வேலை. மூன்று மாடிக் கட்டடமோ முப்பது மாடிக் கட்டடமோ, இரும்புக்கயிற்றைக் கையால் தடவிப் பார்க்காமல் சான்றிதழில் கையெழுத்துப் போடமாட்டாள். "போன மாசம்தான் மேடம் எல்லாத்தையும் மாத்தினோம்" என்று கட்டடக்காரர்கள் குழைவார்கள். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளமாட்டாள். லிஃப்ட் கயிறு ஒரேயடியாக அறுவதில்லை. உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகள் ஒவ்வொன்றாகப் போகும், போகும்போது சத்தமே வராது என்பது அவளுக்குத் தெரியும். அவ்வளவு கறாரான பெண், ஆட்டம் முடிந்ததும் கூட்டாளி நடுவரைப் பற்றி எழுதிக் கொடுக்கவேண்டிய சீட்டில் மட்டும் ஆறு வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு 'நன்று' என்று எழுதி வந்தாள்.

காரணம் அக்கா. அன்று மதியமும் போன் செய்தாள்.

"இன்னிக்கு அந்த மார்க் போடறவர் வராராமே?"

"ஆமாக்கா."

"உங்க மாமாவைக் கொஞ்சம் பாத்துக்கடி. பட்டியல்லருந்து எடுத்துட்டாங்கன்னா சனி ஞாயிறெல்லாம் வீட்ல சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. என்னால அதைப் பாக்க முடியாது."

"நான் இருக்கேன்ல, பாத்துக்கறேன்."

மாமா பல் கட்டுகிறவர். ஒரு பட்டறையில் நாள் முழுக்க விளக்குக்கு அடியில் உட்கார்ந்து பொய்ப்பல் செதுக்குவார். ஒரு பல்லைக் கையில் எடுத்துவிட்டால் பக்கத்து மேசையில் தீப்பிடித்தாலும் தெரியாது. அந்தக் கண்ணோடுதான் மைதானத்துக்கும் வருவார். ஒரே ஒரு பொருளைப் பார்க்கத் தெரிந்த கண். நல்ல மனிதர், கோபப்படத் தெரியாதவர், சொன்ன சொல்லைத் தட்டாதவர். ஆனால் நல்ல மனிதராக இருப்பதற்கும் நல்ல நடுவராக இருப்பதற்கும் சம்பந்தமே கிடையாது. அதை யார் அக்காவிடம் போய்ச் சொல்வது?

அன்றைய ஆட்டம் பெண்களுக்கான அலுவலகப் போட்டியில் அரையிறுதி. மருத்துவமனை அணியும் தபால் அணியும். ஐந்து மணி ஆட்டத்துக்கு நான்கரைக்கெல்லாம் வந்துவிட்டார்கள். தகரக் கூரை போட்ட உள்ளரங்கம். மேற்குப் பக்கக் கூடைக்கு மேலே ஒரு விளக்கு எரிவதா அணைவதா என்று தீர்மானிக்க முடியாமல் துடித்துக்கொண்டே இருந்தது. அரங்கத்தின் காவலாளியிடம் சொன்னாள். "ரெண்டு மாசமா அப்படித்தான் இருக்கு, ஒண்ணும் ஆகலையே" என்றார். ஒன்றும் ஆகலையே என்பது அவள் வேலையில் அடிக்கடி கேட்கிற வார்த்தை. அதைக் கேட்டால்தான் அவள் இரண்டாவது தடவை சோதித்துப் பார்ப்பாள்.

மார்க்குக்காரர் மேல்படியில் ஒரு நோட்டுப்புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார். பழைய நடுவர். யாரை மேல்வரிசைப் பட்டியலுக்கு அனுப்பலாம், யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று அவர்தான் எழுதுவார். மேல்வரிசைக்கு ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. அது தனக்குத்தான் என்று அவளுக்கு ஏறக்குறையத் தெரியும். இந்த ஒரு ஆட்டம் நல்லபடியாக முடியவேண்டும், அவ்வளவுதான்.

ஆட்டத்துக்கு முன்னால் நகம், தோடு, முட்டிப்பட்டை எல்லாவற்றையும் பார்ப்பது நடுவர் வேலை. நடுவர்களுக்கு ஆட்டக்காரர்கள் பெயரால் இல்லை, எண்ணால்தான் மனதில் நிற்பார்கள். மருத்துவமனை அணியின் ஏழாம் எண் இடது முட்டியில் தடித்த கறுப்புப் பட்டை போட்டிருந்தாள். கம்பி எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று அவள் குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஆபரேஷனா?"

"ஆமா மேடம், பதினாலு மாசம் ஆச்சு. நான் எக்ஸ்ரே எடுக்கற வேலைதான் பாக்கறேன். ஊர்ல எல்லார் எலும்பையும் படம் புடிச்சவ, கடைசில என் முட்டியவே படம் புடிச்சேன்." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இன்னொரு தடவை போச்சுன்னா இதை மறுபடி தைக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆடாதேன்னுதான் சொன்னாரு. எனக்குத்தான் இருக்க முடியல" என்றாள்.

"நிதானமா ஆடு. நாங்க இருக்கோம்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது தபால் அணியின் பதினாலாம் எண் பக்கத்தில் நின்று ஷூ கட்டிக்கொண்டிருந்தாள். ஒல்லியான, சாந்தமான முகம். அவள் பார்வை அந்தக் கறுப்புப் பட்டையின் மேல் இருந்தது. ஷூ எப்போதோ கட்டியாகிவிட்டது. ஆனாலும் குனிந்தே இருந்தாள்.

இந்த ஆட்டத்துக்கு இரண்டே நடுவர்கள். ஒருவர் முன்னால் ஓடிக் கூடைக்கு அடியில் நிற்பார். அங்கே நடக்கும் தள்ளுமுள்ளு அவர் பொறுப்பு. மற்றவர் பின்னால் நிற்பார். வெளியிலிருந்து பந்தை எறிகிறவள் அவர் பொறுப்பு. எறிந்தவள் குதித்து, திரும்பவும் அவள் பாதம் தரையில் படும்வரை பின்னால் நிற்பவர் அவளைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. பந்து உள்ளே போனதா இல்லையா என்பது உலகத்துக்கே தெரியும். அதை நடுவர் பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஃபவுலுக்கும் பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். அடுத்தவர் இடத்தில் விசில் ஊதக் கூடாது என்பது எழுதாத சட்டம். அடுத்தவர் வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்து அடுப்பை அணைப்பதுபோல அது.

மாமா இந்த இரண்டையும் தலைகீழாகச் செய்வார். தன் இடத்தைப் பார்க்கமாட்டார். பந்து எங்கே போகிறதோ அங்கே போய் ஊதுவார்.

முதல் கால்பகுதியிலேயே அது தொடங்கிவிட்டது. அவள் கூடைக்கு அடியில் நிற்க, அவள் மூக்குக்கு நேரே சுத்தமாக நடந்த ஒரு தடுப்புக்கு, அந்தக் கோடியிலிருந்து மாமா விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார். கூட்டம் ஓவென்று கத்தியது. "கண்ணு தெரியலன்னா பல்லு கட்டப் போய்யா!" என்று ஒருவன் கூவினான். அவர் தொழில் அவனுக்கு எப்படித் தெரிந்ததோ. மேல்படியில் நோட்டுப்புத்தகம் திறந்தது.

ஆனால் அவளைக் கலக்கியது அது இல்லை. பதினாலாம் எண்.

ஏழாம் எண் வலது மூலையிலிருந்து எறிவதில் கெட்டிக்காரி. அவளைத் தடுக்கிறவள் பதினாலு. ஒவ்வொரு தடவையும் ஏழு பந்தை வாங்கியதும் பதினாலு ஒரு கணம் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். எதைப் பார்க்கிறாள் என்று அவளுக்கு முதலில் புரியவில்லை. மூன்றாவது தடவை புரிந்தது. பின்னால் நிற்கும் நடுவர் யார் என்று பார்க்கிறாள்.

அது மாமாவாக இருந்தால், ஏழு எறிந்துவிட்டுக் காற்றில் இருக்கும் அந்தக் கணத்தில், பதினாலின் வலது பாதம் மெதுவாக, கதவிடுக்கில் கடிதம் நுழைவதுபோல, ஏழு இறங்கப்போகிற இடத்துக்குள் நுழைந்தது. மாமா பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து வளையத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஏழு அந்தப் பாதத்தின் விளிம்பில் இறங்கித் தடுமாறி, கையை ஊன்றி எழுந்தாள். விசில் வரவில்லை. பாதம் எப்போது வந்தது, எப்போது போனது என்று யாருக்குமே தெரியவில்லை.

இதைக் கூடைக்கு அடியிலிருந்து அவள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள். அது அவள் இடம் இல்லை. தூரமும் அதிகம். இரண்டாவது தடவையும் அந்தப் பாதம் நுழைந்தபோது அவளால் பொறுக்க முடியவில்லை, அங்கிருந்தே ஊதிவிட்டாள். மாமா திடுக்கிட்டுத் திரும்பினார். அவர் முகத்தில் அடி வாங்கிய பிள்ளையின் பார்வை. நோட்டுப்புத்தகம் மறுபடியும் திறந்தது.

பதினாலு மட்டும் எந்த மறுப்பும் சொல்லாமல் கையை உயர்த்தி ஃபவுலை ஒப்புக்கொண்டாள். அந்தச் சாந்தம்தான் அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

இடைவேளையில் நடுவர்களுக்குக் கொடுத்த அறை ஒரு சாமான் அறை. மடித்த பாய்கள், காற்றுப்போன பந்துகள், மூலையில் சொட்டும் ஒரு குழாய். கதவைச் சாத்தியதும் அவள் திரும்பினாள். ஆறு வருடமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் வாய்க்கு வந்துவிட்டது.

"மாமா, நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லும்மா."

"நீங்க என்ன மேட்ச் பாக்கவா வந்திருக்கீங்க? அந்தப் பதினாலு உங்க கண்ணு முன்னாடி ரெண்டு தடவை கால வெச்சா. ரெண்டு தடவை! நீங்க பந்து உள்ள போச்சான்னு பாத்துட்டு நிக்கறீங்க. அந்தப் பொண்ணோட முட்டி போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

 அவர் விசிலின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"காலைப் பாருங்க மாமா. பந்து நாசமாப் போகட்டும். எறியறவளோட காலை மட்டும் பாருங்க, அது தரையில படறவரைக்கும்."

"சரிம்மா."

"இன்னொண்ணு. என் இடத்துல ஊதாதீங்க. மேல உக்காந்திருக்கறவர் என்ன எழுதறார்னு எனக்குத் தெரியாது, ஆனா எனக்கு இன்னிக்கு இது எவ்வளவு முக்கியம்னு உங்களுக்குத் தெரியும். என் இடத்துல கூரையே இடிஞ்சு விழுந்தாலும் நீங்க விசில்ல வாய வெக்கக் கூடாது. என் இடத்தை நான் பாத்துக்கறேன்."

"சரிம்மா" என்றார் மறுபடியும். பிறகு சின்னக் குரலில், "கால். என் இடம். அவ்வளவுதானே?" என்று பாடம் ஒப்பிக்கிறவர்போலக் கேட்டார்.

அவ்வளவுதான் என்றாள். சொன்ன வேகத்துக்கு உள்ளே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. அக்காவுக்குத் தெரிந்தால் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். ஆனாலும் பாரம் இறங்கினாற்போல இருந்தது.

மூன்றாம் கால்பகுதியின் முதல் நிமிடத்திலேயே அதிசயம் நடந்தது. மாமா பின்னால் நிற்க, ஏழு குதித்தாள், பதினாலின் பாதம் நுழைந்தது, உடனே விசில் கேட்டது. கூர்மையான, சந்தேகமில்லாத விசில். மாமா பந்தைப் பார்க்கவே இல்லை. குனிந்த தலையோடு தரையைச் சுட்டிக்காட்டி நின்றார். பொய்ப்பல்லைப் பார்க்கிற அதே கண். கூட்டமே ஒரு கணம் அசந்துபோனது. ரசிகரா ஊதினார்?

பதினாலு கையை உயர்த்தினாள். பிறகு மாமாவை ஒரு நிமிடம் ஏற இறங்கப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவர் பின்னால் நிற்கும்போது அவள் எதையும் செய்யவில்லை.

அதற்குப் பிறகு அரங்கம் அடங்கிவிட்டது. தள்ளுமுள்ளு குறைந்தது. விசில்கள் குறைந்தன. மாமா அவள் இடத்தில் ஒரு தடவைகூட ஊதவில்லை. எல்லாம் சரியாகப் போகிறது என்பதுபோல, எண்ணெய் போட்ட லிஃப்ட் மாதிரி வழுக்கிக்கொண்டு நேரம் ஓடியது. அவளுக்கோ அந்த அமைதி பிடிபடவில்லை. ஒரு விசில் சரியாக ஊதிவிட்டால் ஒருவர் நடுவர் ஆகிவிடுவாரா? ஆறு வருடப் பழக்கம் பத்து நிமிடத்தில் போய்விடுமா? அவர் கூடைக்கு அடியில் நிற்கும்போது அங்கே இரண்டு பெரிய உருவங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. அங்கே எப்போது எது வெடிக்குமோ என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. தான் பின்னால் நிற்கும்போதெல்லாம் அவள் கண் தானாகவே உள்ளே போய் வந்தது. அவர் பார்க்கிறாரா, பார்க்கிறாரா. ஆறு வருடமாக இரண்டு பேர் வேலையை ஒரு ஜோடிக் கண்ணால் பார்த்தவள். அந்தக் கண் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

பதினாலு இப்போதும் திரும்பிப் பார்த்தாள். ஆனால் இப்போது பார்த்தது அவளை. நேராக அவள் கண்ணை.

என்னைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு அவளுக்கு இனிப்பாகவும் இருந்தது.

மூன்றாம் பகுதியின் நடுவில் ஏழு ஓடிவரும்போது அவளைக் கடந்து, "மேடம், கால்..." என்றாள். பந்து ஏற்கெனவே மறுகோடிக்குப் போய்க்கொண்டிருந்தது. "ஆடு, ஆடு" என்று சொல்லிவிட்டு அவளும் ஓடினாள். நான்காம் பகுதித் தொடக்கத்தில் ஏழு இன்னொரு தடவை அவளைப் பார்த்தாள். இந்தத் தடவை வாய் திறக்கவில்லை. ஏதோ கடன் கேட்டு இல்லை என்று ஆனவள்போல ஒரு பார்வை. கீழே விழுந்தாளா? முழங்கையில் தூசி இருந்தது. எப்போது விழுந்தாள்?

டைம் அவுட்டில் மாமா அவள் பக்கம் நடந்து வந்தார். வழக்கமாக அவர் வரமாட்டார். ஸ்கோர் பலகையை ரசித்துக்கொண்டு நிற்பார்.

"ஒண்ணு சொல்லணும்மா..."

மேல்படியில் மார்க்குக்காரர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நடுவர்கள் குசுகுசுவென்று பேசினால் ஏதோ தகராறு என்று எழுதிவிடுவார்.

"ஆட்டம் முடியட்டும் மாமா. நீங்க உங்க இடத்தைப் பாருங்க."

"அதில்ல, அந்தப் பொண்ணு..."

"மாமா. ப்ளீஸ்."

அவர் வாயை மூடிக்கொண்டார்.  பிறகு தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். சொன்ன சொல்லைத் தட்டாதவர்.

ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம். மருத்துவமனை அணி ஒரு புள்ளி பின்னால். அவள் பின்னால் நின்றாள், மாமா கூடைக்கு அடியில். மேற்குப் பக்கக் கூடை. மேலே அந்த விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. ஏழு வலது மூலையில், அவளுக்குப் பத்தடி முன்னால், பந்தை வாங்கினாள். பதினாலு திரும்பி, பின்னால் நின்ற அவளைப் பார்த்தாள்.

உள்ளே, கூடைக்கு அடியில், அந்த இரண்டு பெரிய உருவங்களின் கைகள் பின்னிக்கொண்டன. ஒருத்தி மற்றவளின் சட்டையைப் பிடித்தாள். மாமா அதைப் பார்க்கவில்லை. அவர் தலை வேறு பக்கம் இருந்தது. இதோ, பழைய குணம் வந்துவிட்டது என்று நினைத்தாள். அவள் கண் உள்ளே போனது. ஒரு நொடி. ஒன்றரை நொடிகூட இருக்காது.

சத்தம் பெரியதாக இல்லை. ஈரத்துணியை முறுக்கிக் கிழித்தாற்போல ஒரு சின்னச் சத்தம். அதற்குப் பிறகுதான் அலறல்.

அவள் திரும்பியபோது ஏழு தரையில் கிடந்தாள். இடது கால் ஒரு கால் மடங்கக் கூடாத பக்கமாக மடங்கியிருந்தது. கறுப்புப் பட்டை நழுவி இருந்தது. பதினாலு இரண்டடி தள்ளி, இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, எல்லோரையும்போல அதிர்ச்சியோடு நின்றாள். அவள் பாதங்கள் இரண்டும் ஒழுங்காக, இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன.

என்ன நடந்தது என்று ஊதுவதற்கு அவளிடம் எதுவுமில்லை. அவள் பார்க்கவில்லை. பார்க்காததை ஊதக் கூடாது.  மாமாவைப் பார்த்தாள். அவர் விசில் அவர் உதட்டுக்கு நடுவில் இருந்தது. கன்னம் உப்பியிருந்தது. ஊதாமல், அந்தக் காற்றை அப்படியே வாய்க்குள் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. ஏழு அழவில்லை. தூக்கும்போது தன் முட்டியைத் தானே பார்த்து, "இது தைக்க முடியாது" என்று, இன்னொருவர் படத்தைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னாள்.

மிச்சமிருந்த ஒன்றரை நிமிடத்தையும் ஆடி முடித்தார்கள். தபால் அணி ஜெயித்தது. வழக்கப்படி எல்லோரும் நடுவர்களுக்குக் கை கொடுத்தார்கள். பதினாலின் கை வெதுவெதுப்பாக இருந்தது. "ரெண்டாவது பாதி ரொம்ப நல்லா நடத்தினீங்க மேடம்" என்றாள்.

சாமான் அறைக்குள் மார்க்குக்காரரே இறங்கி வந்தார். காயம் பட்ட ஆட்டத்துக்கு நடுவர் அறிக்கை எழுதவேண்டும். படிவத்தை அவளிடம் நீட்டினார்.

"மோசமான விஷயம். நான் பந்தையே பாத்துட்டு இருந்துட்டேன், உள்ள போகுமா போகாதான்னு. யாரு பின்னாடி நின்னீங்க? இவர்தானே?" மாமாவைப் பார்க்காமலேயே மாமாவைக் காட்டினார். "முதல் பாதியிலேயே கவனிச்சேன், இவர் இடத்தை நீங்கதான் காப்பாத்திக்கிட்டு இருந்தீங்க. எழுதிக் குடுத்துடுங்க. இவரைப் பட்டியல்லருந்து எடுத்துடறேன். உங்க பேரை நாளைக்கே மேல அனுப்பிடறேன்."

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமா, "ஆமா சார், என் இடம்தான்" என்றார்.

மார்க்குக்காரர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். கதவு சாத்திக்கொண்டது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"எதுக்கு மாமா அப்படிச் சொன்னீங்க?"

"எனக்கு என்னம்மா. ரசிகர்னு ஏற்கெனவே பேரு. உனக்கு இன்னிக்கு முக்கியம்னு சொன்னியே." ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார். நிமிரவில்லை. "நான் பாத்தேன்."

"எதை?"

"காலை. நீ காலைப் பாருன்னு சொன்னல்ல, எங்க நின்னாலும் அந்தப் பொண்ணு காலையே பாத்தேன். கூடைக்கு அடியில நின்னப்பவும் அதைத்தான் பாத்தேன். மூணு தடவை வெச்சா. மூணும் நீ பின்னாடி நின்னப்போ. நீ உள்ள திரும்பற வரைக்கும் காத்திருப்பா, திரும்பினதும் வெப்பா. முதல் தடவை அந்தப் பொண்ணு சமாளிச்சுட்டா. ரெண்டாவது தடவை விழுந்தா. ரெண்டு தடவையும் விசில் வாய் வரைக்கும் வந்துடுச்சும்மா." கழற்றிய ஷூ அவர் கையிலேயே இருந்தது. "உன் இடமாச்சே. கூரை விழுந்தாலும் ஊதக் கூடாதுன்னு சொன்னியே. டைம் அவுட்ல சொல்லலாம்னு வந்தேன்."

அவள் மடித்துவைத்திருந்த பாய்களின் மேல் உட்கார்ந்தாள். முதல் தடவை ஊதியிருந்தால் பதினாலு அடங்கியிருப்பாள். இரண்டாவது தடவை ஊதியிருந்தால் ஃபவுல் கணக்கு நிரம்பி வெளியே போயிருப்பாள். கம்பி ஒவ்வொன்றாக அறுந்திருக்கிறது. அதைப் பார்த்த ஒரே ஆளின் வாயையும் அவளே பொத்திவிட்டாள்.

"நான் செஞ்சது தப்பாம்மா?" என்று கேட்டார் அவர். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

 அவள் படிவத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள்.

படிவத்தில் 'சம்பவத்தின்போது பின்னால் நின்ற நடுவர்' என்று ஒரு கட்டம். அதில் தன் பெயரை எழுதினாள். 'இதற்கு முன் இதே விதிமீறல் நடந்ததா' என்று அடுத்த கட்டம். 'மூன்றாம், நான்காம் பகுதிகளில் ஒவ்வொரு முறை. கூட்டாளி நடுவர் பார்த்தார். என் இடத்தில் ஊத வேண்டாம் என்று நான் தடுத்திருந்ததால் அவர் ஊதவில்லை. சொல்ல வந்தபோதும் நான் கேட்கவில்லை' என்று எழுதினாள். எழுத்து கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதைப் பார்க்க அவளுக்கே வெறுப்பாக இருந்தது. கையெழுத்துப் போட்டாள். நாளைக்கு எந்தப் பெயர் மேலே போகும், எது போகாது என்பதில் இனி சந்தேகமில்லை.

பிறகு அந்தச் சின்னச் சீட்டை எடுத்தாள். கூட்டாளி நடுவரின் பணி. ஆறு வருடமாக எழுதிய அதே வார்த்தையை எழுதினாள். 'நன்று.' இன்றைக்கு அது பொய் இல்லை.

பையில் போன் அடித்தது. அக்கா.

மாமா தலை நிமிர்ந்து, எடுக்காதே என்பதுபோலப் பார்த்தார். அவள் எடுத்தாள்.

"முடிஞ்சுதாடி? எப்படி இருந்தாரு உங்க மாமா இன்னிக்கு? ஏதாவது சொதப்பிட்டாரா?"

"இல்லக்கா" என்றாள் அவள். "நான் சொன்னதை ஒண்ணு விடாம அப்படியே செஞ்சாரு."